எதையும் கலக்காத ஊரில் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி

ஊத்துப்பாறைப்புதூரில் டீ குடிக்க இரண்டு கை போதாது. ஒரு கையில் பால் டம்ளர், மறு கையில் டிகாக்‌ஷன் டம்ளர். சர்க்கரையை எங்கே வைத்துக்கொள்வது என்பது அவரவர் சாமர்த்தியம். பழகியவர்கள் அதை முதலிலேயே நாக்கில் போட்டுக்கொள்வார்கள். பிறகு பால் ஒரு மடக்கு, டிகாக்‌ஷன் ஒரு மடக்கு. உள்ளே போய்க் கலந்துகொண்டால் அது வயிற்றின் பொறுப்பு, ஊருக்கு அதில் சம்பந்தமில்லை.

எல்லாம் ஒரு சத்தியத்தால் வந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் எவனோ ஒருவன் பாலில் தண்ணீர் கலக்கப்போய், பால் சொசைட்டிக்காரர்கள் ஊர்ப்பால் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மானம் போய்விட்டதே என்று ஊரே கருப்பராயன் கோயில் முன்னால் கூடியது. சத்தியத்தை எழுதும் வேலை சென்னியப்பனிடம் வந்தது. அவர் எட்டாவது வரை போனவர். பாலில் தண்ணீர் கலக்க மாட்டோம் என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் அப்படி எழுதினால் மோரில் கலக்கலாம் என்று ஆகிவிடுமே என்று அவருக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இப்படி எழுதினார்: 'இந்த ஊர் எல்லைக்கல்லுக்கு உள்ளே குடியிருக்கும் நாங்கள், எதிலும் எதையும் கலக்க மாட்டோம்.'

கற்பூரம் ஏற்றி, ஊரே கை வைத்தது. அன்றிலிருந்து அந்த ஊர்க் கல்யாணங்களில் முதலில் அரிசியைப் போடுவார்கள், அப்புறம் மஞ்சள் பொடியைத் தூவுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் கண் திறந்திருக்கும் கல்யாணப் போட்டோ ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. குழம்பு எப்படி வைக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்கள் அதை யாருக்கும் சொல்வதில்லை.

நாச்சிமுத்துவுக்கு முப்பத்தொன்பது வயது. நல்ல மனுஷன், பத்து மாடு, கிணற்றில் தண்ணீர் எல்லாம் உண்டு. பெண்தான் அமையவில்லை. காரணம் அவனுடைய வீடு. ஊரை ஒட்டிய கரட்டின், அதாவது சின்னப் பாறைக்குன்றின், உச்சியில், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் கடைசி வீடாக அது இருந்தது. வீடு பார்க்க வந்த முப்பத்தோரு பெண்வீட்டாரும் பாதிக் கரடு ஏறி, மூச்சு வாங்கி, 'சொல்லி அனுப்புகிறோம்' என்று இறங்கிப் போனவர்கள். நாச்சிமுத்து ஒவ்வொரு தடவையும் மேலே வாசலில் நின்று அவர்கள் தலை சிறிதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் தட்டில் வைத்திருந்த பலகாரத்தைத் தானே தின்பான். முப்பத்தோரு தடவையும் ஜிலேபி. இப்போது அவனுக்கு ஜிலேபியைப் பார்த்தாலே அழுகை வரும்.

முப்பத்திரண்டாவதாக வந்த சம்பந்தம் பூங்கோதை. முப்பத்தாறு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாற்பது தையல் மிஷின்களுக்குச் சூப்பர்வைசர்; மிஷின் நின்றால் பிரித்து மாட்டுவதும் அவள்தான். அவள் தரகரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'எனக்கு முட்டி வலி. கரடு ஏற மாட்டேன். வண்டி மேலே போகுமென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு பார்க்கிறேன்.'

நாச்சிமுத்து அதற்காகவே ஒரு வண்டி வாங்கினான். மலைப்பக்கம் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன நாலு சக்கர வண்டி. மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார், டிராக்டர் குட்டி போட்ட மாதிரி டயர். சாவியைக் கொடுக்கும்போது விற்றவர், "டூ ஸ்ட்ரோக் எஞ்சினுங்க. பெட்ரோல் போடறப்ப மறக்காம ஆயில் கலந்து ஊத்துங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் கூடப் போயிருந்த மச்சான் மாரப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பாத்தா நல்ல மனுசனாட்டத்தான் இருந்தாரு. கலப்படம் பண்ணச் சொல்றாரே மாப்ள."

"மெதுவாச் சொல்லு மச்சான். வண்டி காதுல விழப்போவுது," என்றான் நாச்சிமுத்து. "இத்தன நாளு அது கலப்படத்தக் குடிச்சே வளந்திருக்கு. இனியாச்சும் சுத்தமானதக் குடுப்போம்."

டேங்கில் ஏற்கெனவே இருந்தது தீரும்வரை வண்டி குதிரையாக ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையில் நாச்சிமுத்து சுத்தமான பெட்ரோலை வாங்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கருப்பராயனைக் கும்பிட்டு ஊற்றினான். கரடு ஏறினான், இறங்கினான். அடிவாரத்தில் மாரப்பன் வீட்டு வாசலுக்கு வரும்போது 'கிர்ர்ரக்' என்று ஒரு சத்தம். மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு நேராக வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருந்தது.

டவுன் மெக்கானிக் டேவிட்டுக்குப் போன் போட்டார்கள்.

"ஆயில் கலந்தீங்களா?" என்றார் டேவிட்.

"சத்தியமா இல்லீங்க!" என்றான் நாச்சிமுத்து, பெருமையாக.

மறுமுனையில் ஸ்பானர் கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு டேவிட், "பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா ஒரு டம்ளர் டீசல் ஊத்துங்க. ரெண்டு நாள் ஊறட்டும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றார்.

டீசல் ஊற்றுவதற்கு முன்னால் சென்னியப்பன் ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்து, உள்ளே பெட்ரோல் இல்லை, வாசம் மட்டும்தான் இருக்கிறது, வாசத்தில் கலந்தால் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஊற்றினார்கள். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அப்போதுதான் கொட்டகைக்குள் மாடு கத்தியது. வண்டி கதவை அடைத்து நிற்கிறது. மாடு வெளியே வர வேண்டும்.

"வண்டியச் சித்த நவுத்துனா ஆச்சு," என்றான் மாரப்பன்.

"தொடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. தொடாம எப்படி நவுத்துவ?" என்றார் சென்னியப்பன்.

"அப்ப மாடு?"

"மாடு வெளிய போகோணும், அவ்வளவுதான? வழி இன்ன பக்கந்தான் இருக்கோணும்னு அது கேக்குல."

பின்சுவரை இடித்தார்கள். இரண்டு நாளும் மாடுகள் பின்பக்கமாகப் போய்வந்தன. மாரப்பனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மாப்பிள்ளையின் கல்யாணம் என்று வரும்போது சுவரா பெரிது?

புதன்கிழமை மத்தியானம் அதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. ஒரு செங்கோழி பறந்து வந்து வண்டி சீட்டில் உட்கார்ந்தது.

"கோழி தொடுது!" என்று கத்தினான் நாச்சிமுத்து.

"கோழிய மெக்கானிக்கு ஒண்ணுஞ் சொல்லுலயே. நம்மளத்தான சொன்னாரு," என்றான் மாரப்பன்.

"கோழியத் தூக்கி விட்டர்லாங்ளாண்ணா?" என்று நாச்சிமுத்து சென்னியப்பனைக் கேட்டான்.

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "கோழி வண்டியத் தொட்டுட்டு இருக்குது. நாம கோழியத் தொட்டா என்னாகும்? நம்ம கை கோழி மேல, கோழி வண்டி மேல. அப்ப நாம வண்டியத் தொட்ட மாதிரிதான் தம்பி."

ஆகவே கோழியையும் யாரும் தொடவில்லை. அது நிம்மதியாக ஒரு முட்டை இட்டுவிட்டு வியாழக்கிழமைதான் எழுந்து போனது. நாச்சிமுத்து இரண்டு நாளும் வண்டிக்கு எதிரில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பூங்கோதையின் முகத்தை அவன் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். அந்தப் போட்டோவில் அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்கக்கூடியவள் மாதிரி இருந்தாள். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டேவிட் சொன்னார்: "ஹெட்டைக் கழட்டுங்க, சிலிண்டரைக் கழட்டுங்க. கழட்டுற வரிசை ரொம்ப முக்கியம். கடைசியா வந்ததை முதல்ல மாட்டணும். வரிசை மட்டும் மாறிடக்கூடாது."

தரையில் வைத்தால் கோழி கிளறிவிடும் என்று மாரப்பன் பயந்தான். அதனால் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்தார்கள். சீட்டு ஒருவர், டேங்க் ஒருவர், கார்புரேட்டர் ஒருவர், ஹெட் ஒருவர் என்று வரிசை மாரப்பன் வாசலில் தொடங்கி டீக்கடை வரை போனது. பிஸ்டன் மட்டும் சிலிண்டரைவிட்டு வரமாட்டேன் என்றதால் இரண்டையும் சேர்த்தே ஒரு அம்மாள் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு சின்ன வாஷர் வந்தது. அதை ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் கையில் கொடுத்தார்கள்.

ஏற்பாடு அருமையாகத்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி நின்றபோதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. பெரியதனக்காரரைக் கடைசியில் நிற்க வைத்துவிட்டு எப்படி முன்னால் நிற்பது? "நீங்க முன்னாடி வாங்க, நீங்க முன்னாடி வாங்க" என்று ஆளுக்கு ஆள் மரியாதை கொடுத்து வழிவிட்டதில், வரிசை வயதுப்படி அமைந்துவிட்டது.

"வரிசை இருக்குதல்லோ?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நின்றார்கள். "இதவிட நல்ல வரிசைய நா பாத்ததேயில்ல தம்பி," என்றார்.

சனிக்கிழமை அந்த வரிசைப்படியே மாட்டினார்கள். சாயங்காலம் வெளியே இருந்து பார்த்தால் வண்டி முழுசாக இருந்தது. உள்ளே இருக்க வேண்டியது மட்டும் வெளியே இருந்தது. சிலிண்டரை இடுப்பில் வைத்திருந்த அம்மாள், "என்ற முறை எப்ப வருமுங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து அந்த இரவு சாப்பிடவில்லை. முப்பத்திரண்டாவது ஜிலேபி வாங்கியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பூங்கோதை தன் சித்தப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாரப்பன் வீட்டில் உட்கார வைத்து உபசரித்தார்கள். அவள் முன்னால் ஒரு டம்ளர் பாலும் ஒரு டம்ளர் டிகாக்‌ஷனும் வந்தன. உள்ளங்கையில் சர்க்கரை போட்டார்கள். அவள் மூன்றையும் பார்த்தாள். பிறகு டிகாக்‌ஷனைப் பாலில் ஊற்றி, சர்க்கரையைக் கொட்டி, ஒரு ஆற்று ஆற்றிக் குடித்தாள்.

மாரப்பன் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பதறாதீங்க," என்றார் சென்னியப்பன். "அம்மிணி அசலூரு. எல்லைக்கல்லுக்கு உள்ள குடியிருக்கறவங்களுக்குத்தான் சத்தியம்."

"வண்டி எங்கீங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

நாச்சிமுத்து எழுந்து வாசலுக்கு வந்தான். கையால் காட்டினான். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள், சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், அந்த அம்மாளின் இடுப்பைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒரு உப்புத்தாளு, ஒரு மரக்கட்டை, ஒரு சுத்தியல் குடுங்க. அப்புறம் தயவு பண்ணி எல்லாரும் அக்கட்டால போங்க."

மரக்கட்டையைப் பிஸ்டன்மேல் வைத்து மெதுவாகத் தட்டினாள். இரண்டு நாள் டீசலில் ஊறியிருந்த பிஸ்டன் பத்தாவது தட்டில் நழுவி வந்தது. லேசான கீறல்தான், பிழைத்துக்கொள்ளும் என்றாள். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக மாட்டினாள். வரிசையில் யாரையும் அவள் நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் பெரியதனக்காரர் மரியாதைக்காகக் கையில் இன்னொரு வாஷரோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் பெட்ரோல் கேனில் அளந்து ஆயிலை ஊற்றிக் குலுக்கினாள். ஊர் முழுவதும் நாகரிகமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டது. கிக்கரை ஒரு மிதி. 'டுர்ர்ர்' என்று நீலப்புகையோடு வண்டி உயிர் பெற்றது. நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று எல்லோரிடமும் சொன்னான்.

அவள் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து கரடு ஏறினார்கள். முதல்முறையாக ஒரு பெண் அந்த வாசலை மிதித்தாள். காற்று வாங்கினாள், கிணற்றைப் பார்த்தாள், ஒரு ஜிலேபி தின்றாள். "வீடு புடிச்சிருக்குதுங்க," என்றாள். "உங்களையும் புடிச்சிருக்குது. ஆனா ஒண்ணு. கல்யாணமாயி இங்க வந்துட்டா நானும் கல்லுக்கு உள்ளதான குடியிருக்கோணும்? அப்ப ஆயிலு யாரு கலக்கறது? நடந்து ஏற எம்முட்டி கேக்காது. ரெண்டு டம்ளர்ல டீ குடிக்க என்னால ஆகாது. வெள்ளிக்கெழமை முகூர்த்தம் இருக்குது. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லீனா நா வரல."

ஊர் கூடி மூன்று நாள் யோசித்தது. சத்தியத்தை மீறக்கூடாது. பெண்ணையும் விடக்கூடாது. புதன்கிழமை காலையில் சென்னியப்பன் எழுந்து நின்றார்.

"கல்லுக்கு உள்ள குடியிருந்தாத்தான சத்தியம்? கல்லக் கொண்டாந்து கரட்டு அடிவாரத்துல நட்டுட்டா, நாச்சிமுத்து வீடு தானா வெளிய போயிருது. வீட்டை நவுத்தறதவிடக் கல்ல நவுத்தறது சுலுவு."

எல்லோரும் கை தட்டினார்கள். நாச்சிமுத்து சென்னியப்பன் காலில் விழுந்தான்.

கரட்டு உச்சியில் இருந்த கல் நல்ல கனம். நாலு பேர் தூக்கி வண்டியின் பின்கேரியரில் வைத்துக் கட்டினார்கள். கிளம்பும்போதுதான் டேங்க் காலி என்று தெரிந்தது. பூங்கோதை கலந்து வைத்தது தீர்ந்திருந்தது.

"கலந்துரலாங்ளாண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"கல்லு இன்னும் எறங்குல தம்பி. எறங்குற வரைக்கும் நீ ஊருக்குள்ளதான். எறக்கி நட்டதுக்கப்புறம் கலந்துக்க."

நியாயம்தான். சுத்தமான பெட்ரோலையே ஊற்றினார்கள். சூடேறட்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நாச்சிமுத்து இறங்கத் தொடங்கினான். மாரப்பன் பின்னாலேயே ஓடிவந்தான். பாதிச் சரிவில் அதே 'கிர்ர்ரக்'. பின்சக்கரம் இறுகி, வண்டி பக்கவாட்டில் இழுத்தது.

"கிளட்சப் புடி மாப்ள!" என்று கத்தினான் மாரப்பன். "நாஞ் சொல்ற வரைக்கும் உட்றாத!"

நாச்சிமுத்து பிடித்தான். சக்கரம் விடுபட்டு வண்டி உருண்டது. அடிவாரம் வந்தது. கல்லை நட வேண்டிய இடத்தில் ஊரே கடப்பாரையோடு காத்திருந்தது. நாச்சிமுத்து மச்சானின் சொல்லுக்காகக் காத்திருந்தான். மச்சானோ பாதிக் கரட்டிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். பிரேக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி மாரப்பன் வீட்டைத் தாண்டியது, டீக்கடையைத் தாண்டியது, பால் சொசைட்டியைத் தாண்டியது. ஊரின் மறுகோடியில், கருப்பராயன் கோயில் மதிலில் லேசாக முட்டி நின்றது. நாச்சிமுத்து அப்போதும் கிளட்சை விடவில்லை. மாரப்பன் வந்து சேர்ந்து "உடு" என்று சொல்ல அரைமணி நேரம் ஆனது.

டேவிட்டுக்குப் போன் போட்டார்கள். அவர் முன்பு சொன்னதையே, முன்பைவிடச் சத்தமாகச் சொன்னார். டீசல் ஊற்றுங்கள். ரெண்டு நாள் தொடாதீர்கள்.

அப்புறம்தான் எல்லோரும் வண்டியில் இருந்த கல்லைப் பார்த்தார்கள், திரும்பி ஊரைப் பார்த்தார்கள். கரடு, வீடுகள், டீக்கடை, சொசைட்டி என்று எல்லாமே கல்லுக்கு வெளியே இருந்தன. உள்ளே இருந்தது கோயில் மட்டும்தான்.

"கல்ல எடுத்து வெச்சர்லாங்ளா?" என்றான் மாரப்பன்.

"கல்லு வண்டி மேல இருக்குது. கல்லத் தொட்டா வண்டியத் தொட்ட மாதிரி," என்றார் சென்னியப்பன். "வெள்ளிக்கெழம வரைக்கும் எல்ல இதுதான்."

முதலில் டீக்கடைக்காரர்தான் அசைந்தார். கடைக்குப் போய், டிகாக்‌ஷனைப் பாலில் ஊற்றி ஒரு ஆற்று ஆற்றினார். பெரியதனக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடடா, இப்படியா இருக்கும்!" என்றார்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தில் அந்த ஊரில் முதல்முறையாக அரிசியில் மஞ்சளைக் கலந்து அட்சதை போட்டார்கள். நாச்சிமுத்து கண்ணைத் திறந்தபடி தாலி கட்டினான். பூங்கோதை சிரித்தாள். போட்டோவில் இரண்டுமே விழுந்திருக்கிறது.

சாயங்காலம் கெடு முடிந்து கல்லை இறக்கப் போனார்கள். கல்லின்மேல் செங்கோழி உட்கார்ந்திருந்தது. அடியில் மூன்று முட்டை. அடைகாக்கிறது, இருபத்தோரு நாளாகும். கோழியைத் தொட்டால் கல்லை, கல்லைத் தொட்டால் வண்டியை... சென்னியப்பன் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோரும் திரும்பி நடந்தார்கள்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வந்த புதுக் கண்டக்டர், டீக்கடை முன்னால் நின்றவர்களைப் பார்த்து, "ஏனுங்க, ஊத்துப்பாறைப்புதூர் இதுதானுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றார் பெரியதனக்காரர், ஒரு கையில் ஒரே ஒரு டம்ளரோடு. கோயில் பக்கம் கையைக் காட்டினார். "ஊரு அங்க இருக்குதுங்க. கருப்பராயன் மட்டுந்தான் இருக்கறாரு. நாங்கெல்லாம் அசலூரு."